பின்வாசல் மைனா

முட்டை பொரிச்சு மூடி வச்சிருக்கேன். நேத்து மாதிரி தொடாமப் போயிடாதீங்க. கோபம் பொண்டாட்டி மேலதானே, முட்டை என்ன பண்ணுச்சு?

இப்பல்லாம் விடியக்காலையில நான் தனியாத்தான் பின்னாடி உட்கார்ந்திருக்கேன். கோடை இப்பத்தான் தொடங்கியிருக்கு, காத்து இன்னும் சில்லுன்னு இருக்கு. உங்க நாற்காலியில குருவிங்க வந்து உட்காருது. விரட்ட மனசு வரல.

இன்னைக்குப் பின்வாசல்ல உங்க விசில் கேட்டுச்சு. டம்ளரை வச்சுட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். யாருமில்ல. நீங்க உள்ளே தூங்கறது அப்புறம்தான் உறைச்சுது. மதில்மேல ஒரு மைனா, தலையைச் சாய்ச்சு இன்னொரு தடவை அடிச்சுது. அப்படியே நீங்கதான், கடைசியில இழுக்கற அந்த இழுப்புகூட.

"தெருவுக்கே கேக்குது, விசிலடிச்சு மாட்டையா கூப்பிடறீங்க"ன்னு நான் சொன்ன நாள்லேர்ந்து நீங்க சாவி போட்டுத்தான் வர்றீங்க. பூனை மாதிரி வந்து, பூனை மாதிரி படுத்துக்கறீங்க.

கிளம்பறப்ப கதவை இழுத்துச் சாத்துங்க, தானா பூட்டிக்கும்.

பி.கு. மேகம் கருக்குது. கொடியில துணி இருக்கு, எடுத்துப் போட்டுட்டுப் போங்க.

இன்னொன்னு. உங்க சாவியைத் தேடாதீங்க, என் பையில இருக்கு. சாயங்காலம் உங்களுக்கு முன்னாடியே வந்துடுவேன். பின்வாசல்ல நின்னு விசிலடிங்க. மைனாவுக்கு இனிமே திறக்க மாட்டேன்.