ஜமக்காளத்தில் உன் இடம்

கம்பைநல்லூர்,
19-8-1974.

அன்பு மாப்பிள்ளை தாவூதுக்கு,

தர்மன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டாரும், தங்கச்சி ஜுபைதாவும் உன் பிள்ளைகளும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இனித் திட்டப் போகிறேன், எங்காவது நிழலாகப் பார்த்து உட்கார்ந்து படி.

போன வாரம் அதியமான்கோட்டை லாரிக்காரர் குப்புராஜ் வந்தார். "உங்க தாவூது பாயை பெங்களூரு மார்க்கெட்டுல பாத்தனுங்க. மூட்டை தூக்கிட்டு இருக்காருங்க. கூப்பிட்டா தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயிட்டாருங்க" என்று சொன்னார். சித்திரையில் சந்தைக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறியவன் ஆவணியில் அகப்பட்டிருக்கிறாய். உயிரோடு இருக்கிறாய் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. சிறிது நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதி, இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நீ பயந்துகொண்டிருக்கிற விஷயம். நேற்று ஞாயிற்றுக்கிழமை நம் நாணயச் சங்கத்தின் வருடக் கூட்டம் நடந்தது. புளிய மர ஏலத்துக்கு நீ வாங்கிய கடனில் இதுவரை ஒரு தவணையும் வரவில்லை, ஆளையும் காணோம், ஆகவே உன் பெயரை நீக்கிவிட்டு ஜாமீன்தாரனாகிய என்னிடம் வசூலிப்பதா என்று பேச்சு எடுத்தார்கள். ஊரில் ஒரு மாதமாகவே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்த்தார்கள். என் மாமியார் நேரில் வந்தே கேட்டுவிட்டார், ஏமாந்த சோணகிரி என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று.

அவர்களுக்கு என்ன தெரியும்? பஞ்ச வருஷத்தில் என் கிணறு வறண்டு கிடந்தது உனக்குத்தான் தெரியும். ஆழப்படுத்தக் கடன் கேட்டு, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு தர்மபுரியில் பேங்கு வாசலில் நின்றேன். உன் பெயரில் பட்டா இருக்கிறதா என்றார்கள். நிலம் இன்னும் அப்பாவும் சித்தப்பாமார்களும் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் இருக்கிறது என்றேன். அப்படியானால் அவர்கள் எல்லாரையும் கூட்டிவா என்றார்கள். பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள், எங்கே போய்க் கூட்டிவருவது? வட்டிக்கடைக்காரரோ கிணற்றையே எழுதித் தரச் சொன்னார். அப்போது நீதான் என் கையைப் பிடித்துச் சங்கத்துக்கு இழுத்துப் போனாய். எனக்கு அங்கே அதிகம் பேரைத் தெரியாது. தையல்காரர் சவுரியப்பன் காரியதரிசி என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது, என் சட்டைக்கு அளவெடுக்கிறவர் என் யோக்கியதைக்கு எப்படி அளவெடுப்பார் என்று.

நம் சங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ஜாமீன் போடுகிறவன் வெறுமனே கையெழுத்துப் போட்டால் போதாது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கடன் கேட்கிறவனைப் பற்றித் தனக்கே தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது. நீ எழுந்து, "இந்தாளு கிணத்துல தண்ணி இருந்த வரைக்கும், குடிக்க வந்தவங்களை நீ யாருன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க. நான் குடிச்சிருக்கேனுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாய். கடன் கிடைத்தது. கிணறு ஊறியது. இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிப்பது நீ சொன்ன அந்த ஒரு சொல்லில்தான். உன் முகத்துக்கு நேரே இதை நான் சொன்னதில்லை. சொன்னால் நீ கிண்டல் செய்வாய்.

இனி நேற்றைய கூட்டத்துக்கு வருகிறேன். என்னை எழுப்பி, தாவூதைப் பற்றி இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போன பேச்சு மறந்துபோய் மாடு மாதிரி நின்றேன். அப்போது சகாயமேரி அக்கா எழுந்தார். ஆமாம், அதே இட்லிக்கடை சகாயமேரிதான். தவணை ஒரு வாரம் தள்ளினாலும் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்குகிற ஆள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த பாய் வருஷா வருஷம் தன் பங்குக்கு வர்ற லாபத்த, வட்டிக் காசு எங்களுக்கு ஆகாதுங்க, எதுனா பொதுவுக்குப் போடுங்கன்னு விட்டுட்டுப் போயிடுவாரு. அந்தக் காசுலதான் இந்த ஜமக்காளம் வாங்கினோம். அவரு ஜமக்காளத்து மேலயே உக்காந்துக்கிட்டு அவரு பேர அடிக்கிறீங்களே, எறங்கி மண்ணுல உக்காந்துக்கிட்டு அடிங்க!"

மாப்பிள்ளை, இரண்டு பேர் நிஜமாகவே ஜமக்காளத்தின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள்.

பிறகு சவுரியப்பன் ஒரு யோசனை சொன்னார். இத்தனை வருஷம் நீ விட்டுக்கொடுத்த லாபத்தைக் கணக்குப் போட்டுக் கடனில் கழித்துக்கொள்ளலாமே என்றார். எல்லாரும் சரி என்று தலையாட்டும்போது வாசல் பக்கத்திலிருந்து ஜுபைதாவின் குரல் கேட்டது. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கூட்டத்துக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. "அது அவுரு வேணாம்னு விட்ட காசுங்க. திருப்பி எடுக்க மாட்டோமுங்க. கடன நாங்களே கட்டுறோம், தவணைக்கு மட்டும் கொஞ்சம் கெடு குடுங்க" என்று சொல்லி, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து வைத்தாள். முதல் தவணை. அதற்குப் பிறகு என்ன பேச்சு இருக்கிறது? தை மாதம் வரைக்கும் கெடு கொடுத்துவிட்டார்கள். உன் பெயர் அப்படியே இருக்கிறது.

பணம் ஏது என்று நீ கேட்பாய். இங்கேதான் நான் உன்னைத் திட்ட வேண்டும். மழையில் கொட்டகை ஓடு ஒழுகிப் புளி மூட்டைகள் நனைந்தன, சரி. வெளி அடுக்கில் இருந்த ஒரு மூட்டையில் கை வைத்தாய், கை கருப்பாக வந்தது, எல்லாம் போயிற்று என்று கிளம்பிவிட்டாய். ஒரு மூட்டையையாவது பிரித்துப் பார்த்தாயா? நீ போன பிறகு ஜுபைதா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள் அடுக்கில் பாதிக்குமேல் நல்ல புளி, மாப்பிள்ளை. சகாயமேரி அக்காவும் பக்கத்து வீட்டு மாதம்மாளும் தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்து கொட்டை எடுத்துக் கொடுத்தார்கள். விற்ற பிறகு கூலி கொடு என்று சொல்லிவிட்டார்கள். கறுத்துப்போனதைக்கூட அவள் வீணாக்கவில்லை. பித்தளையைத் தேய்த்து விளக்குவதற்கென்று பாத்திரக் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கொட்டையும் விலையாகிச் சேலத்துக்குப் போயிற்று. முழு நஷ்டமும் தீரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிப்போகிற அளவு நஷ்டம் இல்லை.

இன்னொன்றும் ஜுபைதா சொல்லி எனக்குத் தெரியும். அதுவரை வட்டிக் கடனே தொடாதவன் இந்த வருஷம் தொட்டாய், அதனால்தான் மழை பெய்து தண்டனை வந்தது என்று சாப்பிடாமல் கிடந்தாயாம். உன் மார்க்கத்தைப் பற்றிப் பேச நான் யார்? அதை நீ உன் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள். ஆனால் அந்த மழையில் மாதம்மாளின் கூரையும் இற்று விழுந்தது. என் வைக்கோல் போரும் அழுகியது. நாங்கள் என்ன பாவம் செய்தோம்? ஆண்டவன் உன் ஒருத்தனுக்காகக் கம்பைநல்லூர் முழுவதையும் நனைப்பானா? கொஞ்சம் பெரிய மனிதன்தான் நீ, அவ்வளவு பெரிய மனிதன் இல்லை.

வட்டிக்கடையில் வாங்கியிருந்தால் இந்நேரம் உன் வீட்டுச் சாமான் தெருவில் இருந்திருக்கும். பேங்கில் நம்மை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். இங்கே இட்லி விற்கிறவரும் துணி தைக்கிறவரும் வாரா வாரம் போட்ட சில்லறை அது. அவர்கள் உன்னைக் காணோம் என்றுதான் தேடினார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பிழைத்தேன். அதை நினைக்காத நாள் இல்லை.

குப்புராஜ் சனிக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து திரும்புகிறார். முன்சீட்டில் உனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். என் மாமியார் கேட்டால் மட்டும் நீயே பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கத்தில் சவுரியப்பன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். உன் பெயர் வரும்போது நான்தான் 'வெளியூரு' என்று குரல் கொடுக்கிறேன். சித்திரையிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயருக்கு நான் பேசாமல் இருக்கப் போகிறேன். நீ சொல்லு.

எல்லா நலமும் உனக்கு உண்டாகட்டும். உன் ஆண்டவனும் என் குலசாமியும் வழியில் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஜாமீன்தாரன்,
தர்மன்.

பி.கு: என்ன எழுத வேண்டும் என்று ஜுபைதாவிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் அண்ணா என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தாள். அதைக் குப்புராஜிடம் தந்திருக்கிறேன். கொட்டை எடுத்த புளி, ஒரே ஒரு உருண்டை. உள் அடுக்கு மூட்டையில் இருந்தது. இதையாவது பிரித்துப் பார்.