மேற்குக் குட்டைக்கும் ஒரு பங்கு

கீழ்வேளூர்
புரட்டாசி 14

அக்கா மகள் பூர்ணிமாவுக்கு, தாய்மாமன் பஞ்சநதம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, இரண்டு குட்டை மீன்கள் எல்லோரும் திடம். நார்வே குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் ஆராய்ச்சி மீன்களைப் பார்க்கச் சீர்காழியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஒரு கட்லா மீனைத் தூக்கியவன் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்துவிட்டான். தீவனத்தில் நீ கலந்த துத்தநாகத் தூளில் ஒரு துகள், தலைமுடியை ஆயிரமாகப் பிளந்த அளவு என்றாய். ஊரில் நான் லட்சம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு குட்டை மீன் ரத்தத்திலும் வித்தியாசமே இல்லை, தூளால் நன்மையும் இல்லை கெடுதலும் இல்லை என்று வருகிற திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷப் படிப்பையே விட்டு வரப்போவதாக உன் அம்மாவிடம் அழுதாயாமே. எழுதாதே.

கிழக்குக் குட்டைக்குத் தூள் தீவனம், மேற்குக் குட்டைக்கு வெறும் தீவனம் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய்? பதினோரு நாள் அப்படித்தான் போட்டேன். மேற்குக் குட்டை மீன் கரையோரம் வந்து வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தது. ஒரே பந்தியில் ஒருத்தர் இலைக்குப் பாயசம், பக்கத்து இலைக்குத் தண்ணீரா? நம் வீட்டுக் கல்யாணத்தில் எவனாவது அப்படிப் பரிமாறியிருக்கிறானா? எல்லா மூட்டையையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டேன். இரண்டுக்கும் சரிபாதி. நோட்டில் மட்டும் நீ சொன்னபடியே எழுதிவந்தேன்.

தீவனக் கடை இராஜாங்கத்திடம் இதைச் சொன்னால், "விடுங்கண்ணே, மீனா வந்து சாட்சி சொல்லப்போவுது?" என்கிறான். "அடேய், நான் ஆயிரம் அளப்பேன், அது என் வாய். எங்க புள்ள நோட்டுல பொய் இருக்கக்கூடாதுடா" என்று அவன் கடை வாசலிலேயே சத்தம் போட்டேன். ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். உன் அத்தை இரண்டு பேர்தான் என்பாள். நம்பாதே.

பதினோராம் நாளுக்குப் பிறகு வருகிற பக்கங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, 'கலந்தவன் பஞ்சநதம்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் படமும் வருகிறது. உன் புரொபசரிடம் காட்டு. தூள் மீனுக்கு வலுவா விஷமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் உன் வேலையில் குறையில்லை. கத்துவதாக இருந்தால் என்னிடம் கத்தச் சொல். இங்கிலீஷில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். வடக்கு வயலில் குறுவை அறுத்தாயிற்று. இந்த வருஷம் அதில் சம்பா நடவில்லை. இரண்டு புதுக் குட்டை வெட்ட ஆள் சொல்லிவிட்டேன். உன் அத்தை இரண்டு நாளாகப் பேசவில்லை, பேசுவாள். நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. இம்முறை ஒரு குட்டைக்கு வெறும் தீவனம்தான். போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

நீ மட்டும் இலையை விட்டுப் பாதியில் எழுந்துவிடாதே, தாயி.

உன் பக்கம் நிற்கும்
மாமன் பஞ்சநதம்