துண்டுகளுக்கு அடியில்

வேட் மச்சான்,

மாக்கரோனி அடுப்பில் இருக்கிறது. மார்லோ பள்ளி விட்டு வந்ததும் சூடாக்கிக் கொடு.

விளையாட வருவதாக இருந்த பிள்ளையின் அம்மா கோரல், காலையில் போனில், "வீட்டுல துப்பாக்கி எதுவும் இருக்கா?" என்று கேட்டார். ரெனே இருந்தவரை அதற்கெல்லாம் அவள்தான் பதில் சொல்வாள். நீ உன்னுடையதை எடுத்துப் போயிருப்பாய் என்று நம்பி நான் "இல்லீங்க" என்றேன். பிறகு மார்லோவுக்குத் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தால், துண்டுகளுக்கு அடியில் உன் துப்பாக்கி. குண்டும் போட்டிருந்தது.

"அன்னைக்கு இது இருந்திருந்தா, உள்ள பூந்தவன் என் தங்கச்சி ரெனேயைச் சுட்டிருப்பானாடா?" என்று நேற்று, அதை எடுத்துப் போகச் சொன்னபோது கத்தினாய். எனக்குத் தெரியவில்லை, மச்சான். மார்லோவுக்கு ஆறு வயது.

குண்டுகளைக் கழற்றிவிட்டேன். துப்பாக்கியைக் காரில் பூட்டி எடுத்துப் போகிறேன். சாயங்காலம் நான் வந்ததும் உன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடு.

கோரலைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அப்ப மார்லோவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். நானும் அதே கேள்வியைக் கேட்டேன். "இருக்கு. ஆனா பூட்டித்தான் வச்சிருக்கோம்" என்றார். நான் அவளை அனுப்பவில்லை. நீ அவள் கூடவே இரு.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதையும் எழுதுகிறேன். நீ இங்கே தங்க வந்த பிறகுதான் மார்லோ விளக்கை அணைத்துத் தூங்குகிறாள். துப்பாக்கி இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

கெவின்