பஸ் கண்ணாடியில் தெரிந்த அலை

என் அருமை தனிஸ்லாஸ் அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் சாம்ராஜ் எழுதுகிறேன். இருக்கிற இடத்தில் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். அங்கேயும் இதற்குள் இரண்டு பேர் சட்டையையாவது பிடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சேதி. உங்களைக் கொன்ற டிரைவர் சீட்டை உடைத்துவிட்டேன். சம்மட்டியால் அடித்தேன், போதவில்லை. கடப்பாரையை விட்டு நெம்பினேன். கடைசியில் கேஸ் கட்டரை வைத்து நான்கு போல்ட்டையும் அறுத்தேன். நான் முடுக்கிய போல்ட் அல்லவா, லேசில் விடுமா? உங்களோடு இருபது வருஷம் கடலுக்குப் போன தொம்மை கீழே நின்றுகொண்டு, "போதும்லே, தளம் பொளந்துரும்" என்று கத்தினான். நான் நிறுத்தவில்லை. சீட்டைத் தூக்கி மேல்தளத்திலிருந்து வீசியபோது அது தொம்மையின் காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இன்றைக்கு முதலிலிருந்து சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயல்பட்டினத்து ஜெய்லானி காக்கா வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து அந்தப் பழைய மரப்படகை வாங்கியது உங்களை நம்பித்தான். யாரோ வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு கடலில் உலாப் போகக் கட்டிய மோட்டார் படகு. தேக்குத் தளம், பித்தளைக் கைப்பிடி, படகைத் திருப்புகிற சுக்கான் சக்கரம் கீழே ஒன்று, மேல்தளத்தில் இன்னொன்று. மேல் சுக்கான் தளத்தின் பின்பக்கம், கூரையில்லாமல், நின்றுகொண்டே ஓட்டுகிற மாதிரி இருந்தது. காக்காவுக்கு அது பிடிக்கவில்லை. முன்னால் கொண்டுவந்து, உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி, வெயில் படாமல் மாற்றித் தரவேண்டும் என்றார். "எம் மச்சினன் பாளையங்கோட்டையில பஸ்ஸுக்குக் கூடு கட்டுதவன், அவன் பாத்துக்கிடுவான்" என்று என்னை ஆறு கடலில் கலக்கிற புன்னைக்காயலுக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான்.

நானும் பஸ்ஸைத்தான் கட்டினேன், அத்தான். முன்னால் பஸ் கண்ணாடி. தலைக்கு மேலே உயர்ந்த முதுகு வைத்த டிரைவர் சீட். சீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய் நிறுத்தி, தார்ப்பாய் இழுத்துக் கட்டிய கூரை. சக்கரத்தை மடிக்கு நெருக்கமாக வைத்தேன். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள், கழுத்தைத் திருப்பினீர்கள், உடனே இறங்கிவிட்டீர்கள்.

"ஏ மாப்ளே, பின்னால பாக்கவே வழியில்லயேடே" என்றீர்கள்.

"வண்டி முன்னாலதான போவுது அத்தான்?"

"ஆத்துக்குள்ள நொழையும்போது சாவு பின்னாலருந்துதாம்லே வரும். முகத்துவாரத்து மணல்மேட்டுல அல மடங்கி முதுகுலதான் விழும். அத பாக்காம எப்படிலே ஓட்டுதது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பின்னால் வருவதைப் பார்க்க பஸ்ஸில் மாட்டுகிற குமிழ்க் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து சீட்டுக்குப் பக்கத்தில் முடுக்கி, "இந்தாங்க, இனி நாகர்கோயில் ரூட்டே ஓட்டலாம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன். நீங்கள் விட்ட அறையில் என் கடைவாய்ப்பல் கழன்று கையில் வந்தது. நான் கையிலிருந்த ஸ்பானரால் உங்கள் தோளில் போட்டேன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு மரத்தூளிலும் ரத்தத்திலும் கிடந்தோம். தொம்மையும் இன்னும் மூன்று பேரும் வந்து பிரித்தார்கள். பிரித்த பிறகும் நீங்கள் ஒரு உதை விட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அது தொம்மை மேல்தான் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து நீங்களே பட்டறைக்கு வந்தீர்கள். தோள் வீங்கியிருந்தது. "சரிலே, ஒங் கண்ணாடியையே பாத்து ஓட்டுதேன். இருக்கட்டும்" என்றீர்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஊரையே எதிர்த்து நிற்கிற ஆள் எப்படி இறங்கி வந்தார் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை.

அந்தக் கார்த்திகை மாதத்துக் காலையில் மலையில் பெய்த மழை அத்தனையும் தாமிரபரணியில் இறங்கிக்கொண்டிருந்தது. கடல் உள்ளே தள்ள, ஆறு வெளியே தள்ள, மணல்மேட்டின் மேல் தண்ணீர் செங்குத்தாக எழும்பி உடைந்தது. நாம் மூன்று பேரும் சோதனை ஓட்டம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் தொம்மையும் கீழே நின்றோம். நீங்கள் மேலே, என் சீட்டில்.

பஸ் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான், குமிழ்க் கண்ணாடியில் தெரிவது எதுவும் உள்ள அளவுக்குத் தெரியாது. பின்னால் வருகிற லாரி சின்னதாக, தூரத்தில் தெரியும். அதைக் கழித்துப் பார்க்க டிரைவர்கள் பழகியிருப்பார்கள். எனக்கு இது தெரியும் அத்தான். எத்தனையோ பஸ்ஸுக்கு மாட்டியவன் நான். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் கண்ணாடியில் பார்த்த அலை சின்ன அலை, இன்னும் தூரம் இருக்கிறது என்று வேகத்தைக் குறைத்துக் காத்தீர்கள். அது அப்போதே முதுகுக்கு வந்துவிட்டது.

படகின் பின்புறத்தை அது அப்படியே தூக்கிக் குறுக்கே திருப்பியது. அடுத்த அலை மேல்தளத்தின் மேலேயே விழுந்தது. தார்ப்பாய் கிழிந்தது, குழாய்கள் மடங்கின. நான் ஏணியில் ஏறி வந்தபோது ஒரு குழாய் உங்கள் கழுத்துக்குப் பின்னால் அழுத்தியிருந்தது. சக்கரத்தின் நடுத்தண்டு நெஞ்சுக்குள் போயிருந்தது. நின்று ஓட்டியிருந்தால் கடலில் தூக்கி வீசப்பட்டிருப்பீர்கள், நீந்திக் கரையேறியிருப்பீர்கள். சீட் உங்களை விடவில்லை. குழாயை இழுத்து இழுத்து என் இரண்டு உள்ளங்கையும் கிழிந்தது. ஒரு விரற்கடைகூட அது நகரவில்லை.

நான் சக்கரத்துக்கு முன்னால், உங்களைப் பார்த்தபடி நின்றேன். உங்களுக்குத் திரும்ப முடியவில்லை. வாயில் ரத்தம். குமிழ்க் கண்ணாடி உடைந்து தொங்கியது. "பின்னால என்னலே வருது? சொல்லு" என்று கேட்டீர்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும்பிய அலை எனக்குத் தெரிந்தது. அதுவரை வந்ததிலேயே பெரியது.

"ஒண்ணும் வரல அத்தான்" என்றேன்.

நீங்கள் மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்தினீர்கள். என்னை நம்பினீர்கள். அது வந்து விழுந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் தொம்மையின் மேல் பாய்ந்து, "நீ ஏம்லே மேல ஏறல?" என்று அடித்தேன். அவன் என்னை மணலில் போட்டு மிதித்தான். எனக்கு அது வேண்டியிருந்தது. காக்காவிடம் போய், என்னைப் போலீசில் பிடித்துக் கொடுங்கள் என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வோட நாட்டம், தம்பி. படக ஒடச்சுப் போடணுமா, சரி பண்ணணுமா, நீயே சொல்லு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எஸ்தர் அக்கா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாளையங்கோட்டையில் எங்களோடு சபைப் பாட்டுக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவள், உங்களைக் கட்டிக்கொண்டு கத்தோலிக்க மாதா கோயில் ஊருக்கு வாழ வந்தவள். பதினொரு மாதம், அத்தான். நான் போனால் கதவைத் திறப்பாள், சோறு வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் படகைச் சரி செய்வது என்று முடிவெடுத்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

சீட்டை உடைத்தேன் என்றேனே, அதற்குப் பிறகு கேளுங்கள். கூரையை அறுத்தெறிந்தேன். சக்கரத்தைப் பழையபடி பின்பக்கம் கொண்டுபோய், கேபிளை நீட்டினேன். முன்கண்ணாடியை இடுப்பளவுக்கு வெட்டினேன். பிளைவுட்டில் மாதிரி செய்து, தொம்மையைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னேன். அவன் கை தானாக எங்கே போகிறதோ அங்கே வேகக் கைப்பிடியை வைத்தேன். "இன்னும் ரெண்டு வெரல் கீழ", "பைய, பைய, அங்கன" என்று அவன் சொல்லச் சொல்ல ஏழு முறை பிரித்து மாட்டினேன். உட்கார இடமே கிடையாது. முதுகைச் சாய்க்க ஒரே ஒரு வளைகுழாய், அதுவும் இடுப்புயரம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குக் கடல் தெரியும். நீங்கள் முதல் நாள் கேட்டது இவ்வளவுதானே?

போன வாரம் அக்கா கரைக்கு வந்தாள். மேலே ஏறி, சக்கரத்தின் முன்னால் நின்று, கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். கோணிச்சாக்கில் நான் போட்டு வைத்திருந்த அந்த உடைந்த கண்ணாடியை எடுத்தாள். சம்மட்டிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். தூளாகும்வரை அடித்தாள். சில்லு தெறித்து அவள் கன்னத்தில் கீறியது, துடைக்கவில்லை.

"நாந்தாம்லே சொன்னேன்" என்றாள். "ஒரே தம்பி, அவன் மனசு நோவும், அந்தக் கண்ணாடியோடயே ஓட்டுங்கன்னு நாந்தான் அழுதேன். எனக்காவத்தான் சரின்னாவ. ஒம் மொகத்தப் பாத்தா எனக்கு அதுதான் ஞாவம் வருது."

பதினொரு மாதமாக அவள் என்னைப் பழிக்கவில்லை அத்தான், தன்னைத்தான் பழித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகு நான் எப்படி மறைக்க முடியும்? நீங்கள் கடைசியாகக் கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அக்கா என்னை அறைந்தாள். நீங்கள் அறைந்த அதே பக்கம். இன்னொரு அறை. பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தொம்மை நிற்கிறான் என்றும் பார்க்காமல் ஓங்கி அழுதாள்.

"வருதுன்னு சொல்லிருக்கணும்லே. அவுகளுக்கு ஒத்த ஜெபம் சொல்ல நேரம் கெடச்சிருக்கும்."

பயப்படாமல் போகட்டும் என்று நினைத்தேன் அத்தான். அது உங்களுக்காகவா, எனக்காகவா? நீங்களாவது சொல்லுங்களேன்.

நேற்று சோதனை ஓட்டம். ஆற்றில் மறுபடியும் வெள்ளம். தொம்மை சக்கரத்தில் நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அக்காவும் ஏறிவிட்டாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வளைகுழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மணல்மேடு நெருங்கியது. தொம்மைக்குத் திரும்பினால் தெரியும். அப்படித்தானே கட்டியிருக்கிறேன்? ஆனாலும் அவன் வேண்டுமென்றே முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பின்னால என்னலே வருது?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருசு ஒண்ணு வருது" என்றேன். "முன்னால உள்ளது ஒடையட்டும், நில்லு. நில்லுலே. இப்ப விடு!"

தொம்மை வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளினான். அலை எங்களுக்குப் பின்னால் இடி மாதிரி உடைந்தது, மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். ஆனால் படகு ஆற்றுக்குள் நேராக நுழைந்தது. அக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டியால?" என்று கேட்டாள்.

அத்தான், இனி அந்த மணல்மேட்டை யார் கடந்தாலும், நான் படகில் இருக்கிற வரைக்கும், பின்னால் வருவதை வருகிறது என்றே சொல்வேன். கேட்கிறவன் சாகக் கிடந்தாலும் சொல்வேன்.

உங்களிடம் அடி வாங்கிய, உங்களை அடித்த,
உங்கள் மச்சினன்
சாம்ராஜ்