ஏற்றி வைத்த குற்றம்

இன்று காலை என் கடைக்குச் சோப்பு வாங்க வந்தவர், ஏதோ களவு வழக்கைப் படித்த பேப்பரை மடக்கிக்கொண்டே, "குற்றப்பத்திரிகை குடுத்தாச்சு. அப்ப களவாண்டது அவன்தான்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் சோப்பை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் போட்டேன். "போலீஸ் சொல்லியிருக்கு, அவ்வளவுதான். கோர்ட்டு இன்னும் ஒண்ணும் சொல்லல்ல." நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். பள்ளிக்கூடம் ஒன்றாகப் போனோம்; ஆனால் வக்கீலுக்குப் படித்தது நீ, வாயாடுவது நான் என்று குழித்துறைக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் மேல் வழக்கு வந்த அந்த மழைக்காலம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவர் கணக்குப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில், புகைப்புரையில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட் காணாமல் போனது. சாவி இவரிடம் இருந்ததால், நம்பிக்கை மோசடி என்று எழுதிவிட்டார்கள்.

"களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போனா குற்றபத்ரம்பாவ, இங்க குற்றப்பத்திரிகை. ரெண்டும் போலீஸ் எழுதின தாள்தான்," என்று, வழக்கை எடுத்து நடத்திய நீ அவரிடம் சொன்னாய். "அதைப் பாத்து கோர்ட்டுல குற்றச்சாட்டை வாசிச்சு, ஒத்துக்கிடுதியளான்னு கேப்பாவ. இல்லேன்னு சொல்லணும், அண்ணா."

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "ஞாயித்துக்கிழமை முழங்கால்ல நின்னு நான் பாவின்னு சொல்லுகேன். திங்கக்கிழமை எழும்பி நின்னு எங்கிட்ட குற்றமே இல்லேன்னு எப்பிடிச் சொல்ல?"

ஊரில் இல்லாத நீதிமான் எனக்கு வாய்த்திருந்தார். ஒத்துக்கொண்டால் ஜெயில்.

நீ பொறுமையாகவே பேசினாய். "ஜெபத்துல பாரஞ்சாட்டுகோம்னு சொல்லுவோம்லா, அண்ணா? நம்ம சுமையைத் தூக்கி ஆண்டவர்மேல ஏத்தி வைக்கோம். குற்றச்சாட்டுல உள்ள சாட்டும் அதுதான். அவிய ஒரு குற்றத்தைத் தூக்கி உங்கமேல ஏத்தி வைக்காவ. அது உங்களுக்கதானான்னு மட்டுந்தான் கோர்ட்டு கேக்கும். மத்த பாவத்தையெல்லாம் கேக்காது." நான் போட்ட சாயா அவர் கையிலேயே ஆறிப்போனது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் வாசித்து முடித்துக் கேட்டபோதும் அவர் கூண்டில் பேசாமல் நின்றார். மாஜிஸ்திரேட் மறுபடியும் கேட்டார். அவருக்காக நீ பதில் சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால் உன் விரல்கள் கறுப்புக் கவுனைப் பிசைந்துகொண்டிருந்தன. எழுந்து கத்திவிடுவேனோ என்று நான் பயந்தேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"வேற நெறைய செய்திருக்கேன், ஐயா. இதை நான் செய்யல்ல."

வெளியே வந்ததும் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "ஏட்டி, வேற நெறையன்னு சொன்னாரு பாரு, எனக்கு உயிரே போயிட்டு. உனக்க மாப்பிள்ளையை நீதான் வச்சுப் பொறுக்கணும்," என்றாய். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் அன்றுதான் சிரித்தேன்.

வழக்கு முடியும் முன்பே நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழும்பவில்லை. உன் ஜூனியர் பெண்தான் மீதியை நடத்தினாள். விடுதலை என்று வாசித்ததும் இவர் என்னைப் பார்க்கவில்லை. நீ எப்போதும் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அங்கே நின்ற அந்தப் பெண், தனக்குத்தான் என்று நினைத்து, பதிலுக்குக் கும்பிட்டாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.