போர்டுதான் என்று நான் சொன்னது

நேற்று மாலை எங்கள் சந்தாபுரா குடியிருப்பில் யாரோ புது கேரம் போர்டு வாங்கிவந்து, போரிக் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். படியேறப் போனவன் அந்த வாசனைக்கு நின்றுவிட்டேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டியதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் போனில் ஆடுவதற்காக நாம் செய்த கேரம் விளையாட்டு உனக்கு வெறும் வேலை இல்லை. அல்சூரில் கிளப் ஆட்டக்காரனாக வளர்ந்தவன் நீ. டெஸ்டிங்குக்குச் சேர்ந்த முதல் வாரமே உன் பழைய போர்டைத் தூக்கிவந்தாய். நீ பலகையில் ஓர் அடி அடிப்பாய். அதே அடியை நான் போனில் ஓட்டிக் காட்டுவேன். "மச்சா, காய் இவ்ளோ சறுக்காது. கட்டையில பட்டா வேகம் செத்துடணும்" என்பாய். நான் புரோகிராமில் எண்களை மாற்றுவேன். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் போட்ட காய் ஒன்றைத் திருப்பி வைக்கும் விதியைப் புதியவர்களுக்காக எடுத்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னபோது, நீ ஒருவன்தான் எழுந்தாய்.

"தப்பு பண்ணா மைனஸ் விழணும் சார். இல்லன்னா அது கேரமே இல்ல."

அந்த விதி தப்பித்தது. ஆனால் சில வாரம் கழித்து என்னைத் தனியாக அழைத்து வேறொன்று எழுதச் சொன்னார்கள். தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றவருக்கு, அதன் பிறகு ஸ்ட்ரைக்கரின் திசையைக் குழிக்கு ஏற்ப லேசாகத் திருத்த வேண்டும். ஆடுபவருக்குத் தெரியக் கூடாது. டெஸ்டிங் ஆட்களுக்கும் சொல்ல வேண்டாம். எழுதினேன். உனக்குச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் பலகையில் உன் அடிகள் தவற ஆரம்பித்தன. குழி வாசலில் நின்ற காயைக்கூட விட்டாய். ஒரு நாள் சாப்பிட்டு வந்ததும், ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டியபடி என்னிடம் கேட்டாய்.

"விரல் சொன்ன பேச்சே கேக்கல மச்சா. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு இருந்தேன். ஆனா நம்ம கேம்ல பத்துக்கு ஒன்பது விழுதே. அப்ப கை நல்லாதானே இருக்கு? போர்டுதான் மழைக்கு உப்பிடுச்சோ?"

உன் போனில் அந்தத் திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் மேனேஜர் இருந்தார்.

"போர்டுதான்டா" என்றேன்.

நீ சிரித்தாய். பயம் விட்டுப்போன சிரிப்பு.

ஐந்து மாதம் கழித்து கம்பெனி காரில் உனக்கு வலிப்பு வந்தது. மூளையில் கட்டி என்றார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை, உன் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார்.

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். பேச்சு குழறியது.

"பத்துல... எத்தன என்னுது?"

ஆட்டப் பதிவுகளை அதற்குள் எடுத்துப் பார்த்திருந்தேன்.

"ரெண்டு."

கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு, "வீட்ல சொல்லாத" என்றாய். அதன் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. பதினோராம் நாள் போய்விட்டாய்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். திருத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

உன் மனைவி மாதம் ஒருமுறை போன் செய்கிறார். "கை சரியில்லன்னு பயந்தப்போ நீங்கதான் தைரியம் சொன்னீங்களாம்ணா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து எவ்ளோ சந்தோஷமா சொன்னாரு தெரியுமா" என்கிறார். நீ சொல்லாதே என்றது அவருக்காகவா, எனக்காகவா என்று கேட்க உன்னைத் தவிர ஆளில்லை. அவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன். "பரவால்லம்மா" என்று சொல்லிப் போனை வைக்கிறேன்.