ஒன்றரை அங்குலம்

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் நிரப்பக் கப்பல் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. போனில் பேசினால், பேச்சு வீடு மாறுவதன் பக்கம் திரும்பியதுமே அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எந்த நேரம் கூப்பிட்டாலும் பொங்குகிற அந்தப் பாலை ஒருநாள் நான் நேரில் பார்க்க வேண்டும்.

நான் சுகம். முதலில் வயிற்றைப் புரட்டி எடுத்தது. இப்போது சமையல்காரர் ஒளித்து வைக்கிற அளவுக்குச் சாப்பிடுகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

“கப்பலே தள்ளாடுது, அதுல உக்காந்துக்கிட்டு கடலுக்கடியில தரை நகருதான்னு எப்படிடி அளப்பே?” என்று சிரித்தாயே, அதை எங்கள் ஆய்வுக் குழுத் தலைவரிடம் சொன்னேன். உங்க வீட்டில் விவரமான ஆள் அவங்கதான் போலிருக்கே என்றார். கப்பல் எந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும். அந்த சிக்னல் தண்ணீருக்குள் இறங்காது, ஒலி இறங்கும். தரையில் போட்டு வைத்திருக்கும் கருவிகளை ஒலியால் கூப்பிடுகிறோம். அவை பதில் குரல் கொடுக்கின்றன. போய் வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரம் கிடைக்கும். சூடான நீரில் ஒலி வேகமாக ஓடும், அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு.

முந்தைய வருடங்களின் அளவுகளோடு ஒப்பிட்டுக் கணக்கு வந்துவிட்டது. உன் தெருவுக்கு நேர் எதிரே கடலடித் தரை வருடத்துக்கு ஒன்றரை அங்குலம் கரைப் பக்கம் வருகிறது. சிரிக்காதே, ஒன்றரை அங்குலம் பிசகினால் முழுச் சட்டையையும் பிரித்துத் தைப்பவள் நீ. அடியில் இருக்கும் பாறையும் மேலே இருக்கும் பாறையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று போனில் சொன்னேன். “ஒட்டித்தானே இருக்கு, பிச்சுக்கிட்டாத்தானே பயம்?” என்று வைத்துவிட்டாய்.

இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் குண்டூசி குத்து. கீழ்த்துணியை மெல்ல இழு. மேல்துணியும் சுருங்கிக்கொண்டு கூடவே வரும். ஊசி தெறித்தால் துள்ளித் திரும்பும். அந்த மேல்துணியின் மீதுதான், அக்கா, கடல் நிற்கிறது. எப்போது தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது, நம் காலத்தில் இல்லாமலும் போகலாம். ஆனால் தெறித்தால், தண்ணீர் உன் தையல் கடைக்கு வருவதற்குள் அந்த முட்டியை வைத்துக்கொண்டு நீ என் வீடு இருக்கும் மேட்டுத்தெரு ஏற முடியாது.

துணி கொடுப்பவர்கள் மேடு ஏறி வரமாட்டார்கள் என்பதெல்லாம் சாக்கு. “தங்கச்சி வீட்ல போய் ஒண்டிக்கணுமா?” என்று பூக்கடைக்காரியிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வேலை விட்டு வந்தால் திட்டக்கூட ஆளில்லாத வீடு அது. அங்கே யார் யாரிடம் ஒண்டுவது?

மாடி வேண்டாம், கிளம்பும் முன்பே கீழ் அறையை ஒழித்துவிட்டேன். ஜன்னலோரம் உன் மெஷினுக்கு இடம் இருக்கிறது. சாவி எதிர்வீட்டு டீச்சரிடம். நான் திரும்பி வரும்போது கதவை நீ திறக்க வேண்டும்.

“நான் அளந்தா தப்பாதுடி” என்பாய். நீ தைத்ததை ஒருநாளும் நான் போட்டுப் பார்த்து வாங்கியதில்லை. இந்த ஒரு தடவை என் அளவை நம்பு.

பாலை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பு, அக்கா.

உன் முட்டிக்கும் பிடிவாதத்துக்கும் சேர்த்துக் கவலைப்படும்
தங்கை